ஆறில் ஒரு பங்கு ஜன்னல்

"ஏசி போடப்போற ரூமுக்கு எதுக்கு சார் இவ்ளோ பெரிய ஜன்னல்?" என்று கேட்டார் மேஸ்திரி. நியாயமாகத்தான் பட்டது. சென்னைப் புறநகரில் தம்பி கட்டிக்கொண்டிருந்த வீட்டில் 10-க்கு 10 படுக்கையறை. 3-க்கு 4 அடி ஜன்னல் போதும் என்பது அவர் கணக்கு. தேசிய கட்டட விதித்தொகுப்பைப் புரட்டினால் கணக்கு இடித்தது. வெக்கையும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும், கதவைச் சேர்க்கக்கூடாது. அந்த அறைக்குக் கிட்டத்தட்ட 17 சதுர அடி. மேஸ்திரியின் ஜன்னலோ 12.

இந்தப் பங்குக் கணக்கை முதலில் போட்டது யார் என்று தேடினேன்.

விதித்தொகுப்பு 1970-ல் வந்தது, 2016-ல் திருத்தப்பட்டது. கணக்கு அதைவிடப் பழையது. இங்கிலாந்தில் 1875 பொதுச் சுகாதாரச் சட்டத்தை ஒட்டி, 1877-ல் வெளியான மாதிரி விதிகளிலேயே ஜன்னலுக்குத் தரையில் பத்தில் ஒரு பங்கு என்று இருக்கிறது. அதில் பாதியாவது திறக்க வேண்டும். கெட்ட காற்றுதான் நோயைக் கொண்டுவருகிறது என்று பலர் நம்பிய காலம் அது.

அதே நம்பிக்கை பம்பாயிலும் இருந்தது. 1896-ல் பிளேக் வந்தபோது, வெயில் உள்ளே விழட்டும் என்று அதிகாரிகள் கூரை ஓடுகளைப் பிரித்தார்கள். குடியிருக்கத் தகுதியில்லாத வீடுகளின் சுவரில் 'யு.எச்.எச்.' என்று எழுதிவிட்டுப் போனார்கள். 1898-ல் பம்பாய் மேம்பாட்டு டிரஸ்ட் உருவானது. அது கையாண்டதுதான் 63½ டிகிரி விதி. எண் மிரட்டினாலும் சங்கதி எளிது: எதிரே விட்ட காலியிடத்தின் அகலத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கட்டடத்தை உயர்த்தாதே.

வேடிக்கை என்னவென்றால், அதே 1898-ல் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், பிளேக்கைப் பரப்புவது எலியின் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சி என்று கண்டறிந்தார். காரணம் பிசகிவிட்டது, ஆனாலும் விதியை யாரும் கைவிடவில்லை. நல்லவேளை! காற்றோட்டமில்லாத அறையில் காசநோய் எளிதில் தொற்றும்.

விதித்தொகுப்பு சொல்லும் குறைந்தபட்ச அறை உயரம் 2.75 மீட்டர் என்பதும் பழைய 9 அடிதான். இவையெல்லாம் 'இதற்குக் கீழே போகாதே' என்ற எல்லைகள். நம் ஊரில் இவற்றையே இலக்காக வைத்துக் கட்டுகிறார்கள். அதுதான் என் வருத்தம்.

தமிழ்நாட்டில் வீட்டுக்காரர் முதலில் பார்க்க வேண்டியது 2019-ன் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளை. 2024 முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் மிச்சம், பொறுப்பு கையெழுத்துப் போடுபவர் தலையில். பிளானின் ஓரத்தில் டபிள்யூ, டபிள்யூ-1 என்று ஜன்னல் அளவுப் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு அறைக்கும் தரைப்பரப்பை ஆறால் வகுத்து அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லிண்டல் போடுவதற்குள் பார்த்துவிடுங்கள். அதற்குப் பிறகு ஜன்னலை அகலப்படுத்தச் சுவரை இடிக்க வேண்டியிருக்கும்.