பாதைக்கும் ஓர் உரிமை



இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் சகோதரியின் இல்லத்தில் தங்கியிருந்த நாட்களில், ஒரு ஞாயிறு காலை ஏடேல் என்னும் சிற்றூருக்கு ரயிலில் சென்றோம். பசும்புல் மேடுகள், கல் அடுக்கிய சுவர்கள், மேய்ந்து திரியும் செம்மறியாடுகள் என எங்கு நோக்கினும் இறைவனின் கைவண்ணம்! 1951-இல் அமைந்த பீக் டிஸ்டிரிக்ட் தேசியப் பூங்காவினுள் இருக்கிறது அவ்வூர். பூங்கா என்றதும் அரசு நிலம் என்று எண்ணிவிடாதீர்கள். அதன் பெரும்பகுதி தனியாருடையது. விவசாயியின் வயல் நடுவிலேயே மக்கள் உலாவும் ஒற்றையடிப் பாதை செல்கிறது.

"பிறர் நிலத்தில் கேட்காமல் நடக்கலாமா?" என்று தயங்கினேன். சகோதரியின் மகன், "இது பொதுப் பாதை மாமா" என்று கம்பத்திலிருந்த மஞ்சள் அம்புக்குறியைக் காட்டினான். சற்றுத் தொலைவில், வேலியை ஏறிக் கடக்கும் மரப்படி ஒன்று இற்றுப் போயிருந்தது. உடனே அவன் வரைபடத்தில் அவ்விடத்தைக் குறித்துக்கொண்டான். கவுன்சிலுக்கு எழுதினால் உரியவரைக் கொண்டு சரிசெய்ய வைப்பார்களாம்.

விசாரித்தபோது வியந்தேன். 1980-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் இத்தகைய பாதைகளுக்கான கடமைகளைப் பங்கிட்டு வைத்திருக்கிறது. வேலிப்படியையும் கதவையும் பழுதின்றி வைத்திருப்பது நில உரிமையாளரின் பொறுப்பு; அதற்கான நியாயமான செலவில் கால் பங்கையேனும் கவுன்சில் தர வேண்டும். பாதையின் தளம் கவுன்சிலின் பொறுப்பு. வயலின் குறுக்கே செல்லும் பாதையை உழ நேர்ந்தால், 14 நாட்களுக்குள் மீண்டும் நடக்கத் தக்கதாக்கிவிட வேண்டும். தவறினால் கவுன்சிலே செய்து, செலவை உரிமையாளரிடம் வசூலிக்கலாம்.

ஆனால், உரிமையாளர் தம் விருப்பத்தால் திறந்துவிடும் 'அனுமதிப் பாதை'களும் உண்டு. அவற்றின் பராமரிப்பு பெரும்பாலும் அவருடைய நல்லெண்ணத்தையும் ஒப்பந்தத்தையும் பொறுத்தது. அனுமதியை அவர் திரும்பப் பெறவும் முடியும். இரவல் கொடுத்ததைத் திரும்பக் கேட்கலாம். வக்ஃபு செய்ததைக் கேட்க முடியாது என்று நாம் ஃபிக்ஹில் படிப்பதுதான் என் நினைவுக்கு வந்தது. அனுமதிப் பாதை இரவல். பொதுப் பாதையோ ஏறக்குறைய வக்ஃபு!

இந்த உரிமை எளிதில் வந்ததன்று. ஏடேலுக்கு மேலே உயர்ந்து நிற்கும் கிண்டர் ஸ்கௌட் மேட்டுநிலம் ஒரு காலத்தில் பிரபுக்களின் வேட்டைக்களம். 1932 ஏப்ரல் 24 அன்று, ஆலைத் தொழிலாளரும் இளைஞருமாகச் சில நூறு பேர் தடையை மீறி அதில் ஏறினர். ஐவர் சிறை சென்றனர். எழுபது ஆண்டுகள் கழித்து, 2002-இல், அன்றைய டெவன்ஷயர் பிரபு தம் பாட்டனார் காலத்துச் செயலுக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். இன்று அந்த மேட்டில் எவரும் நடக்கலாம்.

எவரும் என்றாலும், எல்லோர் மனமும் விரிந்துவிடவில்லை. பள்ளத்தாக்கின் மறுபுறமுள்ள மாம் டோர் குன்றில் 2021-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று 'முஸ்லிம் ஹைக்கர்ஸ்' குழுவினர் நூற்றுக்கும் மேற்பட்டோர் நடந்தனர். அதற்காக இணையத்தில் அவர்கள் மீது வசைமாரி பொழிந்தது. அவர்களோ நடையை நிறுத்தவில்லை.

சட்டம் வழியைத் திறக்கும். வழியில் வருவோரை முகமலர்ந்து ஏற்பதற்கு உள்ளமன்றோ திறக்க வேண்டும்!

பாதைக்கு அதன் உரிமையைக் கொடுத்துவிடுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தோழர்களுக்குப் பணித்தார்கள். பிறருக்குத் தொல்லை தராதிருப்பதும், ஸலாமுக்குப் பதில் உரைப்பதும் அவ்வுரிமையில் அடங்கும் என்றும் விளக்கினார்கள். பாதையில் கிடக்கும் இடரை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாகவே எண்ணினார்கள். இற்றுப்போன படியைக் குறித்துக்கொண்ட அந்த இளைஞனின் செயலும் அவ்வகையைச் சேர்ந்ததுதானே?

நிலம் நம்முடையதாக இருக்கலாம். அதன் வழியே நடப்பவனுக்கும் அதில் ஒரு ஹக்கு உண்டு. திரும்பும் வழியில் புல்வெளியில் லுஹர் தொழுதோம். அவ்வழியே சென்ற முதியவர் ஒருவர் எங்களுக்கு இடையூறாகாமல் சற்று ஒதுங்கி, புன்னகையுடன் தலையசைத்துக் கடந்தார். பாதையின் உரிமையை அவர் நிறைவேற்றிவிட்டார்.

நாம் செல்லும் வழிகளையும், நம்மைக் கடந்து செல்வோரின் வழிகளையும் வல்ல அல்லாஹ் இலேசாக்கி வைப்பானாக! ஆமீன்.