தவலை விரிஞ்ச கதை

எங்க அம்மா கல்யாணத்துக்கு வந்த பித்தளைத் தவலை ஒண்ணு வீட்ல இருந்துச்சு. எவர்சில்வர் வந்தப்புறம் அதைத் தொட ஆளில்ல. மாட்டுக்கொட்டகைப் பரண்ல தூக்கிப் போட்டோம். ரெண்டு மழைக்காலம் அங்கேயே கிடந்துச்சு. ஜவ்வாது மலை மழை தெரியுமில்ல, பிடிச்சா நாலு நாள் கொட்டகை காயாது. மூத்திர வாடை கண்ணை எரிக்கும்.

போன பொங்கலுக்கு இறக்கினா, கழுத்துல மயிரிழை மாதிரி நீளமா ஒரு விரிசல். பரண்ல ஏறி சாமைத்தாள் தள்ளுறது ஒரே ஒரு பையன்தான். எனக்குத் தம்பி முறை. "கீழ போட்டுட்டு மறைக்கிறியாடா?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன். "நான் தொடவே இல்லண்ணே"ன்னான். மறுநாள்லேர்ந்து வேலைக்கு வரல.

ஒட்டவைக்க முடியுமான்னு கேக்க, தவலையைத் திருப்பத்தூருக்கு எடுத்துட்டுப் போனேன். வயசான பாத்திர ஆசாரி ஒருத்தர் திருப்பித் திருப்பிப் பாத்தார்.

"இது விழுந்ததில்லப்பா. விழுந்திருந்தா ஒடுக்கு இருக்கும். எங்க வெச்சிருந்த?"

சொன்னேன். சிரிச்சார். "பித்தளையைத் தட்டத் தட்ட இறுகும். அந்த இறுக்கம் உள்ளேயே நிக்கும். நடுநடுவே சூடு காட்டி இளக்கினாத்தான் மேல தட்ட முடியும். அருவாளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணில விட்டா கெட்டியாகும். பித்தளை அப்படியில்ல, தண்ணில விட்டாலும் இளகித்தான் இருக்கும். ஆனா கடைசித் தட்டுக்கு அப்புறம் சூடு காட்ட மாட்டோம், தவலை நெளிஞ்சிடும். அந்த இறுக்கத்தோட மாட்டுக்கொட்டகையில போட்டா, விரியாம என்ன பண்ணும்?"

வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சா, இதே கதை துப்பாக்கித் தோட்டாவுக்கும் நடந்திருக்கு. வெள்ளைக்காரன் பட்டாளம் நம்ம நாட்டுல மழைக்காலத்துல தோட்டாக்களைக் குதிரை லாயத்துல வெச்சிருக்கு. மழை விட்டு எடுத்தா, பித்தளைக் கூடுகள் தானா விரிஞ்சு கிடந்திருக்கு. தோட்டாக்கூடு 100க்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். அதை இழுத்து, கழுத்தை ஒடுக்கிச் செய்யறதால இறுக்கம் உள்ளே நிக்குது. இந்த விரிசலுக்குன்னு தனியா ஒரு பேரும் வெச்சாங்க. காரணத்தை 1921ல மூர், பெக்கின்சேல், மல்லின்சன்னு மூணு பேர் விளக்கினாங்க: குதிரை மூத்திரத்துலேர்ந்து வர்ற அம்மோனியாவும், உள்ளே நிக்கிற இறுக்கமும் சேர்ந்தாத்தான் விரியும். ஒண்ணை எடுத்தாப் போதும். கூட்டைச் சுமார் 250 டிகிரி சூட்டுல வெச்சு எடுத்தா, உறுதி பெருசாக் குறையாம இறுக்கம் மட்டும் தணியும்.

பட்டாளத்துக்கே புரியாத விஷயத்துக்கு நான் ஒரு பையனைத் திருடன் மாதிரி நிக்க வெச்சிருக்கேன்.

அன்னிக்கு சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போனேன். அவங்க அம்மா திண்ணையில முறத்தோட உக்காந்திருந்தாங்க. அவங்க முன்னாடியே, "தப்பு என்னோடதுதான்டா"ன்னேன். அவன் ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "ஆசாரி சொன்னதால வந்தீங்க. இல்லன்னா?"ன்னு கேட்டான். என்கிட்ட பதில் இல்ல. ரெண்டு நாள் கழிச்சு வந்தான். இப்பவும் பரண்ல ஏறச் சொன்னா, ஒரு தரம் என் முகத்தைப் பாத்துட்டுத்தான் ஏறுறான்.

உங்க பாட்டி வீட்டுப் பித்தளை ஊர்ல கிடந்தா, கொட்டகையிலயும் யூரியா மூட்டைப் பக்கத்துலயும் இருக்கான்னு பாருங்க. இருந்தா உள்ளே எடுத்து வைங்க. விரிஞ்சிருந்தா, யாரையும் கேக்கறதுக்கு முன்னாடி ஒடுக்கு இருக்கான்னு பாருங்க.