தேனிலவில் சந்தித்த ரொட்டிக்கடைக்காரர் மனைவி

புனேயில் எங்கள் குடியிருப்பில் நம்மூர்க் குடும்பங்கள் பதினைந்தாவது தேறும். அதில் எந்தப் பையனுக்குக் கல்யாணம் நிச்சயமானாலும், "ஹனிமூனுக்கு எங்கே சார் போகலாம்?" என்று என்னிடம் வந்து நிற்பான். வெனிஸ், பாரிஸ் எல்லாம் அப்புறம் தம்பி, முதலில் நேப்பிள்ஸ் போ என்பேன். அங்கே அப்படி என்னதான் இருக்கு என்று கேட்பவர்களுக்காக இது.

நாங்கள் போனது 2018 அக்டோபரில். கூட்டமும் வெயிலும் குறையும் மாதம். கல்யாணமாகி மூன்றே வாரம். பெரியவர்கள் பார்த்து முடித்ததுதான். தங்கமணிக்குச் சென்னையில் வங்கி வேலை. எனக்குப் புனேயில் பொட்டி தட்டும் வேலை. யார் யாரிடம் போய்ச் சேருவது? "அவ வேலையை விட்டுட்டு வந்துடுவா" என்று சொந்தக்காரர்கள் பந்தியிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். நாங்களோ, ஊர் திரும்பிப் பேசிக்கலாம் என்று அதையும் பருப்புப் பொடி, ஊறுகாயோடு சேர்த்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு விமானம் ஏறினோம்.

முதலில் கடற்கரை. சொரெண்டோவிலிருந்து அமால்ஃபிக்குப் பேருந்து போகிறது. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் நேர் கீழே கடல். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்த எனக்கே வயிற்றைக் கலக்கியது. மலைச்சரிவில் படிப்படியாகச் சுவர் கட்டி எலுமிச்சை போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பழமும் கையளவு. அமால்ஃபி தேவாலயத்தின் உயரமான படிகளில் உட்கார்ந்து எலுமிச்சை ஐஸ் சாப்பிட்டோம். "ஊருக்குப் போனதும்..." என்று தங்கமணி ஆரம்பிப்பாள். பாதியில் நிறுத்திவிட்டுக் கடலைப் பார்ப்பாள். நானும் பார்ப்பேன். அழகான கடல்தான், ஆனால் எவ்வளவு நேரம்தான் பார்ப்பது?

அடுத்து பொம்பெயி. நேப்பிள்ஸிலிருந்து உள்ளூர் ரயில், முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்துச் சாம்பலில் புதைந்த ஊர். 1748-ல் தோண்ட ஆரம்பித்தார்கள், இன்னும் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கடியில்தான் இருக்கிறது. தெருவில் வண்டிச்சக்கரம் தேய்த்த தடம் அப்படியே இருக்கிறது. தண்ணீரில் கால் படாமல் தெருவைக் கடக்கக் குறுக்கே கற்கள். முனைக்கு முனை சாப்பாட்டுக் கடை, கல்மேடையில் ஜாடிகளைப் பதித்து வைத்து, கிட்டத்தட்ட நம்ம ஊர் டீக்கடை. ஒரு ரொட்டிக்கடை அடுப்பில் கருகிப்போன 81 ரொட்டிகள் அப்படியே கிடைத்தனவாம்.

இறந்தவர்களின் உடல் மக்கிப்போன வெற்றிடத்தில் சாந்தை ஊற்றி அச்சு எடுக்கும் முறையை 1863-ல் ஃபியொரெல்லி என்பவர் கொண்டுவந்தார். அந்த உருவங்களைப் பார்த்த பிறகு தங்கமணி வெகுநேரம் பேசவில்லை. ரயிலில் வரும்போதுதான், "நாளைக்குப் பேசிக்கலாம்னு எத்தனை பேர் எதையெல்லாம் தள்ளி வச்சிருப்பாங்க இல்லைங்க?" என்றாள்.

மறுநாள் நேப்பிள்ஸ் அருங்காட்சியகம். பொம்பெயியில் எடுத்த நல்ல ஓவியங்களில் பல இங்கேதான் இருக்கின்றன. 1938-ல் அங்கே கிடைத்த, இந்தியாவிலிருந்து போன தந்தச் சிலையும் இங்கேதான் இருக்கிறது.

அங்கே ஒரு கணவன் மனைவி ஓவியம். ரொட்டிக்கடை நடத்திய டெரென்ஷியஸ் நியோவும் அவர் மனைவியும் என்கிறார்கள். அவர் கையில் சுருட்டிய ஏடு. அந்த அம்மா கையில் மெழுகுப் பலகையும் எழுத்தாணியும். எழுத்தாணியை மோவாயில் வைத்து எதையோ கூட்டிக் கழிக்கிற முகம். அவருக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கவில்லை, பக்கத்தில் சரிசமமாக நிற்கிறாள்.

"கடைக் கணக்கெல்லாம் இவதான் பார்த்திருப்பா" என்று தங்கமணி அங்கேயே முடிவு கட்டிவிட்டாள். கொஞ்சம் பொறுத்து, "நானும் கணக்குப் பார்க்கிறவதாங்க. அதைக் கீழே வச்சுட்டு வர என்னால முடியாது" என்றாள். குரல் லேசாக நடுங்கியது. "வைக்க வேண்டாம்" என்றேன். அவ்வளவுதான்.

அன்று ராத்திரி பீட்சாக் கடையில் காகிதக் கைக்குட்டையில் கணக்குப் போட்டோம். புனே கிளைக்கு அவள் மாற்றல் கேட்பது, சென்னையில் நான் வேலை தேடுவது, எது முதலில் நடக்கிறதோ அதுவே முடிவு. அதுவரை புனேக்கும் சென்னைக்குமாக ஏறக்குறைய 20 மணி நேர ரயில். பதினாறு மாதம் ஓடினோம். "புதுப்பொண்டாட்டியை விட்டுட்டு என்னப்பா பிழைப்பு?" என்று கேட்காத சொந்தக்காரர் பாக்கியில்லை. 2020 பிப்ரவரியில் அவளுக்கு மாற்றல் வந்தது. அடுத்த மாதமே ஊரடங்கு. தப்பித்தோம்!

போகிறவர்களுக்கு: பொம்பெயிக்கு ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். நிழல் கிடையாது, தொப்பி அவசியம். கல் பாவிய தெரு என்பதால் குதிகால் செருப்பு வேண்டாம். பொம்பெயியைப் பார்த்த பிறகு அருங்காட்சியகம் போங்கள். அந்த ஓவியத்துக்கு முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து நில்லுங்கள். அங்கே செல்ஃபி எடுப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை :)