ஒரு வரிக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை

சுஜாரியா. வயது 27. சாதி பிராமணர். ஊர், பீகாரில் சாரண் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூர். காலில் தீக்காயத் தழும்பு. நான்கு மாதக் கர்ப்பம். உடன் வருபவர் யாரும் இல்லை.

1903இல் கல்கத்தாத் துறைமுகத்தில் ‘கிளைடு’ என்ற கப்பலில் ஏறிய ஒரு பெண்ணைப் பற்றி ஆங்கில அரசு எழுதி வைத்த செய்தி ஏறக்குறைய இவ்வளவுதான். அவர் போன இடம் தென் அமெரிக்காவின் வடகரையில் இருந்த பிரிட்டிஷ் கயானா. போனது ஒப்பந்தக் கூலியாக, கரும்புத் தோட்ட வேலைக்கு. அந்தக் குடியேற்றச் சீட்டைத் தேடியெடுத்து, அதிலிருந்து ஒரு முழு நூலை எழுதியவர் அவருடைய கொள்ளுப்பேத்தி கயூத்ரா பகதூர். கயானாவில் பிறந்து, சிறுமியாக அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, அங்கே பத்திரிகையாளர் ஆனவர். 2013இல் வெளிவந்த அவருடைய ‘கூலி வுமன்’ நூலை முடித்தபின் பல நாள் வேறு புத்தகம் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தத் தோட்டங்களின் கதை 1838இல் தொடங்குகிறது. அடிமை முறை முடிவுக்கு வந்துகொண்டிருந்த நேரம். விடுதலை பெறும் ஆப்பிரிக்கர்கள் இனிக் கரும்பு வெட்ட வருவார்களோ மாட்டார்களோ என்று தோட்ட முதலாளிகளுக்குக் கவலை. அவர்களில் ஒருவரான ஜான் கிளாட்ஸ்டன், பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான கிளாட்ஸ்டனின் தந்தை, இந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவர ஏற்பாடு செய்தார். ‘விட்பி’, ‘ஹெஸ்பெரஸ்’ என்ற இரண்டு கப்பல்கள் அந்த ஆண்டு மே மாதம் கயானாக் கரையைத் தொட்டன. அன்று தொடங்கி 1917 வரை அந்த ஒரு காலனிக்கு மட்டும் போன இந்தியர்கள் ஏறத்தாழ 2,39,000 பேர். பிஜி, மொரீஷியஸ், டிரினிடாட், நேட்டால் எல்லாவற்றையும் சேர்த்தால் பத்து லட்சத்தைத் தாண்டும்.

முதலாளிகளுக்கு வேண்டியது ஆண்கள். ஆண்கள் மட்டுமே போனால் தோட்டங்களில் ஒழுங்கு கெடும் என்று அரசு நினைத்தது. அதனால் நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது கப்பலில் ஏற வேண்டும் என்று விதி வந்தது. அந்த நாற்பதை நிரப்பத்தான் ஆள்பிடிப்பவர்கள் வட இந்தியாவின் சந்தைகளிலும் கோயில் ஊர்களிலும் அலைந்தார்கள். விதவைகள், கணவனால் கைவிடப்பட்டவர்கள், வீட்டை விட்டு ஓடிவந்தவர்கள், யாத்திரைக்கு வந்து கூட்டத்தில் உறவைத் தவறவிட்டவர்கள் அவர்கள் கண்ணில் பட்டார்கள். கணவன் துணையில்லாமல் கப்பல் ஏறிய பெண்களே மிகுதி என்கிறார் கயூத்ரா.

தோட்டங்களில் பெண்கள் குறைவு என்பதால் அவர்களுக்கு ஊரில் கிடைக்காத ஒரு பிடி கிடைத்தது. பிடிக்காத ஆணை விட்டுவிட்டு இன்னொருவனோடு போக முடிந்தது. சொந்தமாகக் கூலி வாங்கினார்கள். அதே காரணத்தால்தான் வெட்டுக்கத்தியும் அவர்கள் மேல் பாய்ந்தது. கரும்பு வெட்டுகிற கத்தியாலேயே துணைவியைக் கொன்ற, மூக்கையும் கையையும் அறுத்த வழக்குகள் காலனி நீதிமன்றப் பதிவுகளில் தொடர்ந்து வருகின்றன. ‘அவர்கள் விடுதலை பெற்றார்கள்’ என்று எழுதினால் ஒரு வகை வாசகருக்கு நிம்மதி. ‘அவர்கள் வதைபட்டார்கள்’ என்று எழுதினால் இன்னொரு வகையினருக்கு நிம்மதி. கயூத்ரா இருவருக்கும் அந்த நிம்மதியைத் தருவதில்லை. கடைசிப் பகுதியில் இன்றைய கயானாவுக்கே போய், பெண்கள் மேல் நடக்கும் வன்முறை இன்னும் ஓயாமல் இருப்பதைக் காட்டுகிறார்.

இந்தப் பெண்களின் குரல் ஆவணங்களில் கிடையாது. அதிகாரிகளின் கடிதங்கள் இருக்கின்றன, கப்பல் மருத்துவர்களின் குறிப்புகள் இருக்கின்றன, விசாரணைக் குழு அறிக்கைகள் இருக்கின்றன. அவற்றில் பெண்கள் வருகிறார்கள், ஆனால் பேசுவதில்லை. நாவலாசிரியராக இருந்தால் அந்த இடத்தைக் கற்பனையால் நிரப்பிவிடலாம். கயூத்ரா அதைச் செய்யாமல் கேள்விகளை அடுக்குகிறார். கர்ப்பிணியான பிராமணப் பெண் ஒருத்தி தனியே ஏன் கல்கத்தாவரை வந்தாள்? கணவன் இறந்துவிட்டானா, விரட்டினானா? அவளை ஏமாற்றி ஏற்றினார்களா, தெரிந்தே ஏறினாளா? பக்கம் பக்கமாகக் கேள்விகள். பீகாருக்கும் போய்த் தேடுகிறார். விடை கிடைக்காத இடத்தை விடை கிடைக்காத இடமாகவே விட்டுவைக்கிறார். என் கணிப்பில் இந்த நூலின் பெரிய பலம் அந்தக் கட்டுப்பாடுதான். கொள்ளுப்பாட்டிக்கு ஒரு காதல் கதையையோ ஒரு வீரக் கதையையோ சூட்டி அழகு பார்க்க எந்தப் பேத்திக்கும் ஆசை வரும். அந்த ஆசையை அடக்கியதில் அவர் சுஜாரியாவுக்கு மரியாதை செய்திருக்கிறார்.

வரலாற்று நூல்களில் ‘மக்கள் இடம்பெயர்ந்தனர்’ என்ற ஒரே வாக்கியத்தில் பல லட்சம் பேர் கடந்து போய்விடுகிறார்கள். பஞ்சம், பருத்தி விலை, போர்க்காலத் தொழிற்சாலைகள் என்று காரணங்கள் வரிசையாக வரும். எல்லாமே சரியானவைதான். ஆனால் ஒரு குறிப்பிட்ட மனுஷி ஒரு குறிப்பிட்ட நாளில் ஏன் மூட்டை கட்டினாள் என்பதற்கு அவை விடை ஆவதில்லை. இதை எனக்குத் தெளிவாகக் காட்டியது இசபெல் வில்கர்சன் 2010இல் எழுதிய ‘த வார்ம்த் ஆஃப் அதர் சன்ஸ்’.

1915 முதல் 1970 வரை அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து ஏறத்தாழ அறுபது லட்சம் கறுப்பின மக்கள் வடக்குக்கும் மேற்குக்கும் போனார்கள். வில்கர்சன் 1,200 பேருக்கு மேல் நேரில் கண்டு பேசி, கடைசியில் மூன்றே பேரைத் தேர்ந்துகொண்டார். அந்த மூவரில் ஐடா மே கிளாட்னி மிசிசிப்பியில் குத்தகைப் பருத்திக்காட்டில் வேலை செய்தவர். 1937இல் அவர் குடும்பம் கிளம்பியதற்கான காரணத்தைப் பாருங்கள். வெள்ளைக்காரர் ஒருவரின் வான்கோழிகள் காணாமற்போகின்றன. ஐடா மேயின் கணவருக்கு உறவுக்காரரான இளைஞர் திருடிவிட்டார் என்று நள்ளிரவில் ஆட்கள் வந்து அவரை இழுத்துப்போய்ச் சாகும் அளவுக்கு அடிக்கிறார்கள். பிறகு வான்கோழிகள் தாமாகவே வந்து சேர்கின்றன. அடி வாங்கியவரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த கணவர், இதுதான் நாம் போடும் கடைசி வெள்ளாமை என்ற முடிவுக்கு வருகிறார். அறுபது லட்சத்தில் ஒரு குடும்பம் புறப்பட்டது அப்படி.

இன்னொருவர் ராபர்ட் ஃபாஸ்டர், அறுவை மருத்துவர். 1953இல் லூசியானாவிலிருந்து கலிபோர்னியாவுக்குத் தனியாகக் காரோட்டிப் போகிறார். தெற்கின் எல்லையைத் தாண்டிவிட்டோம், இனித் தங்க இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு அரிசோனாவில் விடுதி விடுதியாக ஏறி இறங்குகிறார். எங்கும் அறை இல்லை. கண்ணைத் திறக்க முடியாத தூக்கத்தோடு பாலைவன இருட்டில் வண்டியோட்டிக்கொண்டு போகும் அந்தப் பக்கங்களை, வாடகைக்கு வீடு கேட்டுப்போய்ச் சாதி கேட்கப்பட்டுத் திரும்பிய எவரும் வேறு நாட்டுக் கதையாகப் படிக்க மாட்டார்கள். வில்கர்சனுக்கே அந்த ஒப்புமை தோன்றியிருக்கிறது. 2020இல் ‘காஸ்ட்’ என்ற தலைப்பில் அமெரிக்க இனவெறியை இந்தியச் சாதியோடு ஒப்பிட்டுத் தனி நூல் எழுதினார். உலகப்புகழ் அதற்குத்தான் கூடுதலாகக் கிடைத்தது. நான் முதல் நூலின் பக்கம். இரண்டாவதில் கருத்து முன்னே நடக்கிறது, மனிதர்கள் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டு வருகிறார்கள். முதலாவதில் மனிதர்களோடு நடந்துபோய்த்தான் கருத்தை அடைகிறோம்.

மனிதர்களின் நினைவு எதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதை ஆவணம் எழுதுபவர்களால் ஊகிக்க முடியாது. என் சின்ன அம்மாயி இலங்கை மலையகத்துத் தோட்டத்தில் வளர்ந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் கோத்தகிரிப் பக்கம் குடியமர்த்தப்பட்டவர். 1964இல் இரு அரசுகளும் போட்ட அந்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும், மூன்று லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தர வேண்டும். மூட்டைக்கணக்குப் போலப் பங்கு பிரித்தார்கள், யாரிடமும் கேட்கவில்லை. சின்ன அம்மாயியிடம் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால் ஒப்பந்தம் பேச்சில் வராது. “காலைல பிரட்டுக்குப் போயி நின்னேன். கொழுந்து றாத்தல் கொறஞ்சுபோச்சுன்னு கணக்கப்பிள்ளை அரைப்பேருதான் போட்டான். சாயங்காலம் லயத்துல உங்க மாமன் பொறந்தான்” என்பார். பிரட்டு என்பது காலையில் ஆள்கணக்கு எடுக்கும் இடம், லயம் தோட்டத்து வரிசை வீடு. பிள்ளை பிறந்த நாளின் அடையாளம் அவருக்கு அந்த அரைப்பேர். நிறைமாதத்தில் எடை குறைந்ததற்காகப் பாதிக் கூலி வெட்டப்பட்ட செய்தி, தோட்டத்துக் கூலிப் பதிவேடான செக்ரோலில் ஓர் எண்ணாக இருக்கும். நிறைமாதம் என்பது அதில் இருக்காது. சுஜாரியாவும் கடல் பயணத்தின்போதுதான் பிரசவித்தார் என்று படித்தபோது, எனக்குச் சின்ன அம்மாயியின் குரல் கேட்டது.

குடும்ப நினைவிலிருந்தே எழுதப்பட்ட இன்னொரு நூல், சுஜாதா கிட்லாவின் ‘ஆண்ட்ஸ் அமங் எலிஃபண்ட்ஸ்’, 2017இல் வந்தது. ஆந்திரத்துத் தலித் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்து, வாரங்கலில் இயற்பியல் படித்து, சென்னை ஐஐடியில் பணிபுரிந்து, அமெரிக்கா போய், நியூயார்க் சுரங்க ரயிலில் கண்டக்டராக வேலை பார்த்தவர் அவர். தாய்மாமன் கே.ஜி. சத்தியமூர்த்தி, ‘சிவசாகர்’ என்ற பெயரில் அறியப்பட்ட புரட்சிக் கவிஞர், மக்கள் யுத்தக் குழுவை நிறுவியவர்களில் ஒருவர், கட்சிக்குள்ளேயே சாதியைப் பற்றிக் கேள்வி எழுப்பி வெளியேற்றப்பட்டவர். மாமனின் புகழுக்காகப் புத்தகத்தை எடுக்கிறோம். மனத்தில் தங்குவது ஆசிரியரின் அம்மா மஞ்சுளாதான். கல்லூரி ஆசிரியையாக ஊர் ஊராக மாற்றலாகி, மூன்று பிள்ளைகளை வளர்த்து, வீட்டிலும் வெளியிலும் பட்ட அவமானங்களை அவர் எண்ணி எண்ணிச் சொல்கிறார். மகள் ஒன்றையும் மழுப்பாமல் எழுதுகிறார், மாமனின் குறைகள் உட்பட. இந்த நேர்மை குடும்ப வரலாறு எழுதுபவர்களுக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

தமிழில் இந்த மனிதர்களைப் பற்றிய அக்கறை நேற்று வந்ததல்ல. பிஜித் தோட்டங்களில் நம் பெண்கள் படும் பாட்டைப் பாரதி ‘கரும்புத் தோட்டத்திலே’ என்று பாடிவைத்தார். புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’ எழுதினார். வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியலின் ஆங்கில நாவல், இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ ஆயிற்று. கவிதையாலும் கதையாலும் நாம் அழுதிருக்கிறோம். பெயர், ஊர், தேதி, சான்று ஆகியவற்றோடு அந்த வாழ்க்கைகளை மீட்டுத் தரும் அபுனைவு நூல்கள்தான் நம்மிடம் போதவில்லை.

முடியாத காரியம் அல்ல என்பதற்கு ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ இருக்கிறது. வ.உ.சி. கைதானதைக் கேட்டு 1908 மார்ச் 13 அன்று திருநெல்வேலி கொதித்தெழுந்ததும், துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்ததும் நம் பாடப்புத்தகங்களில் வ.உ.சி. வரலாற்றின் ஒரு பத்தியாகச் சுருங்கிவிட்டன. தெருவில் இறங்கிய அந்தச் சாதாரண மக்களை அரசு ஆவணங்களிலிருந்து தேடி எழுதியிருக்கிறார் வேங்கடாசலபதி. 2024ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது அந்த நூலுக்குக் கிடைத்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி, ஒரு நாவலுக்குக் கிடைத்திருந்தால் உண்டாகும் மகிழ்ச்சியைவிட ஒரு படி அதிகம்.

கடல் கடந்து போனவர்களையும் அப்படித் தேடி எழுதலாம். ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு கிளம்பி 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. அது முதல் 1911 வரை இன்றைய தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்கள் 1,52,184 பேர். பெரும்பாலோர் சென்னை மாகாணத்தார். காந்தியின் சுயசரிதையில், முதலாளி அடித்து முன்பற்கள் இரண்டு உடைந்து, கையில் தலைப்பாகையோடு, வாயில் ரத்தம் வழிய வந்து நிற்கும் பாலசுந்தரம் என்ற தமிழர் அவர்களில் ஒருவர். அந்த ஓர் அத்தியாயத்துக்குப் பிறகு அவரை நாம் காண்பதே இல்லை. தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் அஷ்வின் தேசாயும் கூலம் வாஹித்தும் இத்தகைய தனி மனிதர்களின் வாழ்க்கைகளைத் திரட்டி ‘இன்சைட் இந்தியன் இண்டென்சர்’ என்று 2010இல் பெரிய நூல் எழுதினார்கள். தமிழர் வாழ்க்கை பக்கத்துக்குப் பக்கம் வரும் அந்த நூல் ஆங்கிலத்தில் இருக்கிறது.

நேட்டால் கப்பல் பட்டியல்கள் அழியாமல் இருக்கின்றன. கணினியில் தேடும்படியாகவும் ஆக்கியிருக்கிறார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு, எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்பதுவரை இருக்கிறது. வட ஆற்காடு, தென் ஆற்காடு, தஞ்சாவூர், திருச்சி என்று நம் ஜில்லாக்கள் வரிசையாக வருகின்றன. வரலாற்றுத் துறையில் ஆய்வுத் தலைப்புத் தேடும் மாணவர்களே, எல்லாவற்றையும் எழுத வேண்டாம். ஒரே ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்ப் பெயரில் கப்பல் ஏறியவர்களைப் பட்டியலிலிருந்து பிரித்தெடுங்கள். ஊருக்குப் போய், இருப்பவர்களிடம் கேளுங்கள். கிடைத்ததை மட்டும், தமிழில் எழுதுங்கள்.