மெராம்போங்: நிலவு காட்டும் மணல்திட்டு

ஜோகூர் பாருவிலிருந்து கேலாங் பாத்தா வழியாகப் போனால், கம்போங் பெண்டாஸ் என்ற மீனவக் கிராமம் வரும். துவாஸுக்குப் போகும் இரண்டாவது பாலம் அருகிலேயே இருக்கிறது. கடல் உணவு சாப்பிட வார இறுதியில் குடும்பத்தோடு அங்கே போகிறவர்கள் பலர். ஆனால் அங்கிருந்து படகில் போகும் தூரத்தில், மாதத்தில் சில நாட்கள் மட்டும் கடலுக்கு வெளியே நன்றாகத் தலைகாட்டும் ஓர் இடம் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பெத்திங் மெராம்போங் என்பது அதன் பெயர். மலாய் மொழியில் ‘பெத்திங்’ என்றால் மணல்திட்டு.

அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் சூரியனும் சந்திரனும் ஏறக்குறைய நேர்கோட்டில் நின்று கடலை இழுக்கின்றன. அப்போது நீர் வழக்கத்தைவிட உயர ஏறும். வழக்கத்தைவிடத் தாழ வற்றும். அந்த வற்று நேரத்தில்தான் திட்டு நடக்கக்கூடிய நிலமாகிறது. சில மணி நேரத்தில் கடல் அதைத் திரும்ப மூடிவிடும்.

இந்த மணல் எங்கிருந்து வந்தது? சுங்கை பூலாய் இங்கேதான் கடலில் கலக்கிறது. ஆறு மணலையும் சேற்றையும் சுமந்து வருகிறது. முகத்துவாரம் அகலமானதும் அதன் வேகம் தளர்கிறது. கனமான மணல் முதலில் படிகிறது. நுண்ணிய சேறு இன்னும் தள்ளிப் போகிறது. ஏறும் கடல் அதைக் கரைப்பக்கம் தள்ளுகிறது. வற்றும் கடல் திரும்ப இழுக்கிறது. நாளுக்கு இரண்டு முறை நடக்கும் இந்த இழுபறியில், நீரோட்டம் சோர்ந்துபோகும் இடங்களில் மணல் குவிகிறது.

குவிந்த மணலைக் கட்டிக்காப்பது கடற்புல். அதன் இலைகள் நீரின் வேகத்தைக் குறைத்து மண்ணைப் படிய வைக்கின்றன. வேர்கள் அதை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. தீபகற்ப மலேசியாவின் மிகப் பெரிய கடற்புல் படுகைகளில் மெராம்போங்கும் ஒன்று. கடற்குதிரை, நட்சத்திர மீன், நண்டு, கிராமத்தினர் பொறுக்கிச் சமைக்கும் கோங்கோங் நத்தை எல்லாவற்றுக்கும் இதுவே வீடு. பாக் விரிகுடா மீனவர்கள் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசு இங்கே புல் மேய்ந்த தடங்களும் பதிவாகியுள்ளன.

கப்பலோட்டிகளுக்கு மட்டும் மணல்திட்டு என்றாலே கிலி. தரை தட்டினால் கப்பல் அவ்வளவுதான். அதனால்தான் இந்தக் கடல்வழியில் கலங்கரை விளக்கங்கள் எழுந்தன. பொந்தியானுக்கு எதிரே பூலாவ் பீசாங்கில் 1886இல் ஒன்று வந்தது. துவாஸுக்குத் தெற்கே, சிங்கப்பூர்க் கடலில் 1895இல் வந்த விளக்கின் பெயரே ‘சுல்தான் ஷோல்’. ஷோல் என்றாலும் திட்டுதான்.

அன்று கப்பல்கள் திட்டுக்குப் பயந்தன. இன்று திட்டுதான் பயப்பட வேண்டியிருக்கிறது. பக்கத்துத் தஞ்சோங் ஆடாங் திட்டின் ஒரு பகுதி, 2000இல் திறக்கப்பட்ட தஞ்சோங் பெலெபாஸ் துறைமுகத்துக்காகக் கடலைத் தூர்த்தபோது போய்விட்டது. 2014இல் ஃபாரஸ்ட் சிட்டி திட்டத்துக்காக மெராம்போங் கடற்புல் படுகையின் குறுக்கே மண் கொட்டப்பட்டது. வேலை நடுவில் நிறுத்தப்பட்டு, சுற்றுச்சூழல் ஆய்வுக்குப் பின், அளவு குறைக்கப்பட்டு 2015இல் ஒப்புதல் பெற்றது.

நீரோட்டத்தின் பாதை மாறினால் மணல் வேறெங்கோ போய்ப் படியும். நீர் கலங்கினால் புல்லுக்கு வெயில் எட்டாது. புல் போனால் மணலைப் பிடித்துவைக்க ஆளில்லை. மீன்குஞ்சுகள் வளரும் இடம் குறைந்தால், வலையில் விழுவதும் குறையும்.

தஞ்சோங் குப்பாங் மீனவக் கிராமத்துப் பிள்ளைகள் 2008 முதல் ‘கெலாப் அலாமி’ என்ற குழுவில் சேர்ந்து, தங்கள் கடலில் என்ன வாழ்கிறது என்று கற்றுக்கொள்கிறார்கள், பதிவும் செய்கிறார்கள்.

போக விரும்பினால் முதலில் நீரேற்ற அட்டவணையைப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் நன்றாக வற்றும் நாளைத் தேர்ந்தெடுங்கள். இடம் தெரிந்த உள்ளூர்ப் படகோட்டி அவசியம். நீர் திரும்பும் நேரத்தை அந்த பாக் சிக் சொன்னால் உடனே கிளம்பிவிடுங்கள். பிள்ளைகளுக்கு உயிர்காப்புச் சட்டையும், எல்லாருக்கும் கால் மூடிய காலணியும் வேண்டும். திருக்கை மணலுக்குள் புதைந்திருக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் அது விலகிப்போகும். கூட்டமாகப் போகாதீர்கள், புல்லை மிதிக்காதீர்கள், எந்த உயிரையும் வீட்டுக்கு எடுத்து வராதீர்கள்.

அடுத்த முறை இந்தக் கடலைத் தூர்க்கும் பேச்சு எழும்போது, ‘அங்கே என்ன இருக்கிறது, வெறும் சேறுதானே’ என்று யாராவது சொல்வார்கள். இல்லை என்று சொல்ல, நேரில் பார்த்தவர்கள் நம்மிடையே நாலு பேராவது இருக்க வேண்டும்.