ஒரே மழை, இரு நீதி!

மழை பேதம் பார்ப்பதில்லை. மாளிகையின் மீதும் பொழிகிறது. மண்குடிசையின் மீதும் பொழிகிறது. பேதம் மழையில் இல்லை, கூரையில் இருக்கிறது. அந்தக் கூரைக்குச் சக்கரம் பூட்டி ஓடவிட்டாலும் பேதம் இறங்கிவிடுவதில்லை என்பதை, இங்கிலாந்தின் வடமேற்கே கம்பிரியாவில், கொட்டும் மழையில் பயணம் செய்த ஒரு நாள் எனக்குக் காட்டியது.

கேரவன் என்றால் நம் நாட்டில் நினைவுக்கு வருவது, படப்பிடிப்புத் திடலில் நட்சத்திரங்களுக்காக நிற்கும் வண்டி. அங்கோ, காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் சிற்றில்லம் அது. படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, கழிவறை அத்தனையும் அதனுள் அடக்கம். அத்தகைய வண்டியில், நண்பர் குடும்பத்தாருடன், ஜூன் மாதத் தொடக்கத்தில் பரோடேல் பள்ளத்தாக்கில் தங்கியிருந்தேன்.

அங்குள்ள சீத்வெயிட், இங்கிலாந்தில் மக்கள் வாழும் இடங்களிலேயே மிகுதியான மழை பெறும் சிற்றூர். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 மில்லிமீட்டர்! நம் சென்னைக்கோ ஏறத்தாழ 1,400. வருண பகவானுக்கு அவ்வூர் மீது தனிப்பாசமா? இல்லை, தோழர்களே! அட்லாண்டிக் கடலின் ஈரக்காற்று மலையில் மோதி மேலேறுகிறது, குளிர்கிறது, கொட்டுகிறது. அருகிலுள்ள ஹோனிஸ்டர் கணவாயில் 2015 டிசம்பர் 5 மாலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் பதிவாயிற்று. யாகம் வளர்த்தவர் எவருமிலர்!

புறப்படும் நாளன்றும் மழை. நண்பர் இராகுகாலம் பார்க்கவில்லை. வானிலை அறிக்கை பார்த்தார். கிழக்கே செல்லும் ஏ66 சாலை, ஸ்டெயின்மோர் மேட்டில் 400 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. காற்று கடுமையானால் உயரமான வண்டிகளுக்கு அங்கே தடை விதிப்பர். மழை உண்டு, பெருங்காற்று இல்லை என்றது அறிக்கை. கிளம்பினோம். கேரவன் இழுக்கும் காருக்கு ஒற்றைச் சாலையில் 50 மைல், இரட்டைச் சாலையில் 60 மைல் என்பது வேக வரம்பு. ஈரச்சாலையில் அதற்கும் குறைவாகவே ஓட்டினார் நண்பர். பின்வண்டி பாம்பென நெளியத் தொடங்கினால் பதறித் திருப்பலாகாது. விசையை மெல்லத் தளர்த்த வேண்டும் என்றும் விளக்கினார்.

ஆப்பிள்பி ஊரை நெருங்கியதும் வாகனங்கள் ஊர்ந்தன. முன்னே, குதிரை பூட்டிய வளைகூரை வண்டிகள்! ஆண்டுதோறும் ஜூனில் நடக்கும் குதிரைச் சந்தைக்கு ஜிப்சி மக்கள் நனைந்தபடி சென்றுகொண்டிருந்தனர். எகிப்தியர் என்று பிறர் பிழையாக எண்ணியதால் வந்த பெயர் அது. அவர்தம் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து சென்றவர் என்பதற்கு, அவர்களின் ரோமானி மொழியே சான்று.

சாலையோரத் தேநீர்க் கடையில் ஒதுங்கினோம். கடைக்காரர் முகமலர்ந்து வரவேற்றார். சற்று நேரத்தில், வளைகூரை வண்டியிலிருந்து ஒரு பெண்மணி சிறுவனுடன் உள்ளே வந்தார். "கடை மூடியாயிற்று" என்றார் கடைக்காரர். எங்கள் கோப்பைகளில் ஆவி இன்னும் பறந்துகொண்டிருந்தது!

நண்பரின் துணைவியார் எழுந்தார். "வாருங்கள் சகோதரி, எங்கள் வண்டியில் தேநீர் தருகிறேன்" என்றார். அப்பெண்மணி புன்னகைத்தார். "தேநீர் எங்கள் வண்டியிலும் உண்டு. மழைக்கு ஒதுங்க ஒரு நாற்காலிதான் வேண்டும்" என்று கூறிவிட்டு, மகனின் கைபற்றி மழையில் இறங்கினார். நாங்களும் கோப்பைகளை அப்படியே வைத்துவிட்டு வெளியேறினோம்.

இரட்டைக் குவளையை அறிந்த நமக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

வரலாற்றைப் பாருங்கள். 1530-ல் இம்மக்களை நாட்டைவிட்டு விரட்டச் சட்டம். 1554-ல், போகாமல் தங்கினால் மரண தண்டனை! 1885-ல் ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர் கார்டன் ஸ்டேபிள்ஸ், உல்லாசப் பயணத்திற்கென்றே கேரவன் கட்டுவித்து ஊர் சுற்றினார், உலகம் வியந்தது. 1907-ல் கேரவன் சங்கமும் தோன்றியது. ஜிப்சிகளுக்குத் தங்குமிடம் அமைப்பதை உள்ளாட்சிகளின் கடமையாக்கியது 1968-ஆம் ஆண்டுச் சட்டம். 1994-ல் அக்கடமை நீக்கப்பட்டது. 2022-ல் வந்த சட்டமோ, பிறர் நிலத்தில் தங்கி இடையூறு விளைவிப்பதாகக் கருதப்படுவோர், போகச் சொல்லியும் போகாவிடில், அவர்தம் வண்டியையே பறிமுதல் செய்ய வழிவகுத்தது. வண்டி பறிபோனால் வீடு பறிபோயிற்று!

வீடுள்ளவன் வண்டியில் தங்கினால் விடுமுறை. வண்டியே வீடானவன் தங்கினால் விதிமீறல்! இதுவா நீதி?

மழை ஏன் பொழிகிறதென்று மனிதன் கண்டறிந்துவிட்டான். நனைந்து வந்தவனுக்கு நாற்காலி தர மட்டும் இன்னும் பிறப்பை விசாரிக்கிறான். வானத்தை அளக்கத் தெரிந்த அறிவு, மனிதனைச் சமமாக அளக்கவும் கற்க வேண்டும். அதுவரை பகுத்தறிவின் பணி பாதியே முடிந்திருக்கிறது.