கண்ணாடி வாங்கும்போது கேட்க வேண்டிய மூணாவது நம்பர்

கண்ணாடிக் கடைக்குப் போனா பேச்சு ரெண்டே விஷயம்தான். பவர் எவ்வளவு, லென்ஸ் எவ்வளவு மெல்லிசா வேணும். மூணாவதா ஒரு நம்பர் இருக்கு. அதை நாமளும் கேட்கறதில்லை, அவங்களும் சொல்றதில்லை. அதுதான் அபே நம்பர்.

ஸ்கூல்ல முப்பட்டகம் வெச்சு நிறப்பிரிகை படிச்சோமே, ஞாபகம் இருக்கா? எந்தக் கண்ணாடியும் நீலத்தை அதிகமா வளைக்கும், சிவப்பைக் கம்மியா வளைக்கும். பொருளுக்குப் பொருள் இந்த வித்தியாசம் மாறும். ஜெர்மனியில் யேனா நகரத்தில் வேலை பார்த்த எர்ன்ஸ்ட் அபே இதை அளக்க ஒரு எண் கொடுத்தார். எண் பெருசா இருந்தா நிறம் கம்மியா பிரியும். சாதாரண சிஆர்-39 பிளாஸ்டிக்குக்கு 58. பாலிகார்பனேட்டுக்கு 30. ரொம்ப மெல்லிசுன்னு விக்கிற 1.67 லென்ஸுக்கு 32.

என் பொண்ணு ஏழாவது படிக்கிறா, பவர் மைனஸ் 6. பாலிகார்பனேட் மாத்தினதிலிருந்து, ஓரமா பார்த்தா டியூப்லைட்டுக்கு ஆரஞ்சுக் கரை தெரியுதுன்னு ஒரே புலம்பல். கடையில் செக் பண்ணி பவர் சரின்னுட்டாங்க. ஊர்லேர்ந்து அம்மா போன்ல, "புதுசுல்ல, பழகிடும்" என்றார். "அப்பா, நான் பொய் சொல்லலைப்பா"ன்னு அவ அழுதப்பதான் பேப்பர் பேனாவோட உட்கார்ந்தேன்.

மைனஸ் 6 லென்ஸில் நடுவை விட்டு 1 செ.மீ. தள்ளிப் பார்த்தா, 1 மீட்டர் தூரத்துப் பொருள் 6 செ.மீ. நகர்ந்த மாதிரி தெரியும். அதை அபே நம்பரால் வகுத்தா சிவப்புக்கும் நீலத்துக்கும் உள்ள இடைவெளி கிடைக்கும். பாலிகார்பனேட்டில் 2 மி.மீ. மூணு மீட்டர் தள்ளி இருக்கிற போர்டுல 6 மி.மீ. சிஆர்-39-ல் அதுல பாதிதான். அவ சொன்னது அத்தனையும் நிஜம்.

இதைச் சரிபண்ண முடியாதுன்னு நினைச்சுதான் நியூட்டன் 1668-ல் லென்ஸுக்குப் பதிலா உலோக ஆடி வெச்சு டெலஸ்கோப் செஞ்சார். அப்புறம் ரெண்டு வகைக் கண்ணாடியைச் சேர்த்து, ஒண்ணு பிரிக்கறதை இன்னொண்ணு சேர்க்கிற லென்ஸுக்கு ஜான் டோலண்ட் 1758-ல் காப்புரிமை வாங்கினார். கேமராவில் இன்னிக்கும் அந்த யோசனைதான். ஆனா மூக்கு மேல ரெண்டு ரெண்டு லென்ஸ் சுமக்க முடியாதே :-) நமக்கு வழி, பொருளைப் பார்த்து வாங்கறதுதான்.

பாலிகார்பனேட் மோசம்னு சொல்லலை. பந்து பட்டாலும் லேசில் உடையாது, குழந்தைகளுக்கு அது முக்கியம். சிஆர்-39-க்கு அந்த உறுதி கிடையாது. அதனால நாங்க டிரைவெக்ஸ் எடுத்தோம். அதுவும் உறுதியானது, அபே நம்பர் சுமார் 44. கொஞ்சம் தடிமன்தான். சின்ன ஃபிரேம் போட்டு, லென்ஸ் நடு கருவிழிக்கு நேரா வர்ற மாதிரி அளவெடுக்கச் சொன்னோம். ஆரஞ்சுக் கரை முழுசா போகலை, ஆனா நல்லா குறைஞ்சிருக்கு. புலம்பலும்தான்.

உங்க வீட்டுப் பிள்ளையும் கலர் தெரியுதுன்னு சொன்னா, பவரோட லென்ஸ் எந்தப் பொருள்னும் விசாரிங்க. கண்ணாடியைக் கழட்டின பிறகும் விளக்கைச் சுத்தி வானவில் வளையம் தெரிஞ்சா, அது லென்ஸ் சமாச்சாரம் இல்லை. உடனே கண் டாக்டரைப் பாருங்க.